ஒரு நாளில் ஒரு கேள்வி: வெப்பமண்டலச் சூழலியல் களப்படிப்பு எப்படி இயங்குகிறது

சூழலியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரும் மாணவருக்கு வாசிக்கக் கற்றுத்தரவும் கணக்குப் போடக் கற்றுத்தரவும் ஆட்கள் உண்டு. முன்பின் தெரியாத ஒரு காட்டுக்குள் நுழைந்து, கண்ணில் பட்டவற்றிலிருந்து பதில் காணத்தக்க ஒரு கேள்வியைப் பிரித்தெடுப்பதை மட்டும் வகுப்பறையில் கற்றுத்தர முடியாது. அது செய்து செய்து பழக வேண்டிய வேலை. செய்ததில் ஓட்டை இருந்தால் அன்று மாலையே ஒருவர் சுட்டிக்காட்டவும் வேண்டும். வெப்பமண்டலச் சூழலியல் களப்படிப்புகள் இதற்காகத்தான் உருவாயின. செடிகொடிகள், பூச்சிகள், பறவைகளின் பெயர்களைக் கற்பதும் அவற்றில் உண்டு, ஆனால் அது முதன்மையான பகுதி அல்ல.

இந்த வகைப் படிப்புகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது கோஸ்ட்டா ரிக்காவில் ஓ.டி.எஸ். என்ற அமைப்பு உருவாக்கிய படிப்பு. வெப்பமண்டல ஆய்வுகளுக்கான அமைப்பு என்பது அதன் முழுப்பெயரின் பொருள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில கோஸ்ட்டா ரிக்கா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 1963-இல் அதைத் தொடங்கின. நெடுங்காலம் அதன் பட்டமேற்படிப்புக்கான களப்படிப்பு ஏறக்குறைய எட்டு வாரம் நீண்டது. இருபது பேர் அளவிலான மாணவர் குழு, முழுநேரமும் கூடவே இருக்கும் ஒருங்கிணைப்பாளர்கள், சில நாள்களுக்கு ஒருமுறை மாறிமாறி வந்து போகும் ஆய்வாளர்கள், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஏற்றிச் செல்லும் ஒரு பேருந்து: படிப்பின் உடைமை இவ்வளவுதான்.

கோஸ்ட்டா ரிக்காவைத் தேர்ந்ததற்கு அரசியல் காரணமும் உண்டு, நில அமைப்புக் காரணமும் உண்டு. 1949 அரசியலமைப்பின்படி அந்த நாட்டுக்கு நிரந்தர ராணுவம் கிடையாது. சுற்றியிருந்த நாடுகளில் ஆட்சிக் கவிழ்ப்புகள் நடந்துகொண்டிருந்த காலத்தில் மாணவர்களை நம்பி அனுப்ப முடிந்த இடம் அது. நில அமைப்போ ஆசிரியருக்குக் கிடைத்த வரம். ஒரு பக்கம் கரீபியக் கடல், மறுபக்கம் பசிபிக், நடுவில் 3,800 மீட்டரைத் தொடும் மலைத்தொடர். கரீபியத் தாழ்நிலத்தில் இருக்கும் லா செல்வா கள நிலையத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மி.மீ. மழை பெய்கிறது. வடமேற்கில் குவானகாஸ்தே பகுதியின் பாலோ வெர்தேயில் அதில் பாதிகூடக் கிடையாது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். தெற்கே சான் வீத்தோ அருகில் 1,200 மீட்டர் உயரத்தில் லாஸ் க்ரூசெஸ் நிலையம். செர்ரோ டெ லா முயெர்தே மலையில் ஓக் காடும் அதற்கு மேலே மரமற்ற குளிர்ப் புல்வெளியும். இவற்றில் எந்த இரண்டுக்கும் இடையே பேருந்தில் ஒரு நாள் பயணம் போதும்.

ஏன் இத்தனை இடங்களுக்கு மாணவர்களை இழுத்தடிக்க வேண்டும்? ஒரே இடத்தில் எட்டு வாரம் இருந்தால் அந்த இடத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் ஒரே காட்டில் இருப்பவர் அந்தக் காட்டின் இயல்பையே காடு என்பதன் இயல்பாக எடுத்துக்கொள்வார். லா செல்வாவில் இரண்டு வாரம் இருந்துவிட்டு மார்ச் மாதத்தில் பாலோ வெர்தேயில் இறங்கும் மாணவர், முந்தைய இடத்தில் தாம் இயற்கை விதி என்று நினைத்தது மழை அளவின் விளைவு மட்டுமே என்பதை முதல் நாளே பார்த்துவிடுவார். இடமாற்றத்தின் பயன் அதுதான்.

ஒரு நாளின் அமைப்பு

புதிய இடத்தில் முதல் அரை நாள் சுற்றிப் பார்ப்பதற்கு. இது உல்லாச நடை அல்ல. ஒவ்வொரு மாணவரும் நோட்டில் பத்து அவதானிப்புகளை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் "இது ஏன் இப்படி?" என்பதற்கு இரண்டு மாற்று விளக்கங்களையாவது எழுத வேண்டும். இரண்டாவது விளக்கத்தை எழுதச் சொல்வதுதான் முக்கியம். ஒரே விளக்கத்தோடு காட்டுக்குப் போகிறவர் அதற்குச் சாதகமான தரவை மட்டும் தேடுவார். மாற்று விளக்கம் கையில் இருந்தால், இரண்டையும் பிரித்துக் காட்டும் அளவீடு எது என்று யோசிக்கத் தொடங்குவார்.

மறுநாள் நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து ஒரு நாள் ஆய்வு. தொடக்க வாரங்களில் கேள்வியை ஆசிரியர் கொடுப்பார், பிறகு குழுவே உருவாக்கும், இறுதியில் ஒவ்வொருவரும் தனியாகச் சில நாள் ஆய்வு ஒன்றைச் செய்வர். ஒரு நாள் ஆய்வு காலை ஏழு மணிக்குள் காட்டில் தொடங்க வேண்டும். நண்பகல்வரை தரவு, பிற்பகலில் கணினியில் பகுப்பாய்வு, இரவு உணவுக்குப் பின் பத்துப் பன்னிரண்டு நிமிடப் பேச்சு, அதன்பின் கேள்விகள். அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் நான்கைந்து பக்க அறிக்கை. படிப்பு முடியும்போது இவை எல்லாம் சேர்ந்து ஒரு தொகுப்பாகும்.

இந்த வேகம் மாணவரை வதைப்பதற்காக அல்ல. ஆய்வின் முழுச் சுற்றும், அதாவது கேள்வி, வடிவமைப்பு, தரவு, பகுப்பாய்வு, விமர்சனம் எல்லாமே, முனைவர் பட்டத்தில் ஒருமுறை நடந்து முடிய நான்கைந்து ஆண்டுகள் ஆகும். வடிவமைப்பில் செய்த பிழை மூன்றாம் ஆண்டில்தான் தெரியவரும். களப்படிப்பில் அதே சுற்று பன்னிரண்டு முறையாவது நடந்துவிடும், பிழையும் அன்று மாலையே வெளிப்படும்.

எறும்புப் பாதையில் எத்தனை மாதிரி?

எந்தப் படிப்பிலும் திரும்பத் திரும்ப வரும் பிழை ஒன்று உண்டு. எடுத்துக்காட்டாக இலைவெட்டி எறும்புகளை வைத்துப் பார்ப்போம். லா செல்வாவில் ஆட்டா செபலோட்டஸ் என்ற இனத்தின் பாதைகளைத் தேட வேண்டியதில்லை, நடக்கும்போதே குறுக்கே வரும். சுமை தூக்கிச் செல்லும் எறும்பின் இலைத்துண்டு மேல் சில சமயம் மிகச்சிறிய எறும்பு ஒன்று சவாரி செய்யும். ஃபோரிட் என்ற ஒட்டுண்ணி ஈக்கள் சுமை எறும்பின் மேல் முட்டையிட வருவதைச் சவாரி எறும்பு தடுக்கிறது என்பது ஒரு விளக்கம். இலையின் மேல் உள்ள நுண்ணுயிர்களை அது துடைத்தெடுக்கிறது என்பது இன்னொன்று. ஃபோரிட் ஈக்கள் பெரும்பாலும் பகலில் பறப்பவை. ஆகவே முதல் விளக்கம் சரியென்றால் சவாரி எறும்புகள் இரவைவிடப் பகலில் அதிகமாக இருக்க வேண்டும். இரண்டாவது மட்டும் சரியென்றால் பகலிரவு வேறுபாடு இருக்கக் காரணமில்லை. ஒரு நாளுக்குள் அடங்கும் நல்ல கேள்வி இது.

வடிவமைப்பு இப்படி இருக்கலாம். எட்டுப் புற்றுகள். ஒவ்வொன்றிலும் முக்கியப் பாதையில், வாயிலிலிருந்து 5 மீட்டர் தள்ளி, வண்ண பிளாஸ்டிக் நாடாவால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைக் கடக்கும் சுமை எறும்புகள் நூறு வரை எண்ணி, அவற்றில் எத்தனை இலையில் சவாரி இருக்கிறது என்று குறிப்பது. முந்தின இரவு 8 முதல் 10 வரை ஒருமுறை, மறுநாள் காலை 10 முதல் 12 வரை ஒருமுறை. நிமிடத்துக்கு இருபது சுமை எறும்பு கடந்தால் ஒரு புற்றுக்கு ஐந்து நிமிடம். நடைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். இரண்டிரண்டு பேராகப் பிரிந்தால் ஜோடிக்கு நான்கு புற்று, இரண்டு மணி நேரத்தில் தாராளமாக முடியும். இந்த நேரக் கணக்கைக் காட்டுக்குப் போகும் முன்பே காகிதத்தில் போட்டுப் பார்க்காத குழுதான் மூன்று புற்றோடு திரும்பி வரும்.

மாலையில் மாணவர் 1,600 மாதிரி எடுத்தோம் என்று சொல்வார். எண்ணியது 1,600 எறும்புதான், ஆனால் மாதிரி எட்டு. ஒரே புற்றின் எறும்புகள் ஒரே தாய்க்குப் பிறந்தவை, ஒரே பாதையில் ஒரே மரத்தின் இலையைச் சுமப்பவை. ஒன்றில் சவாரி அதிகம் இருந்தால் மற்றொன்றிலும் அதிகம் இருக்கும். அவற்றைத் தனித்தனிச் சான்றாக எண்ணினால், இல்லாத உறுதியை இருப்பதாகக் காட்டிக்கொள்கிறோம். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் வெளியிட்ட கட்டுரை இந்தப் பிழையை விரிவாக அம்பலப்படுத்தியது. அது வந்து நாற்பது ஆண்டு ஆனபின்னும் பிழை மறையவில்லை. காரணம் எளியது: நூறு எறும்பு எண்ணுவது ஐந்து நிமிட வேலை, இன்னொரு புற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது அரை மணி நேரச் சேறு.

எட்டு ஏன் போதும், ஐந்து ஏன் போதாது என்பதைக் கையாலேயே கணக்கிட்டுக் காட்டலாம். ஒவ்வொரு புற்றிலும் பகலில் அதிகமா, இரவில் அதிகமா என்று மட்டும் பார்க்கும் எளிய குறிச் சோதனையில், வேறுபாடே இல்லாதபோது ஐந்து புற்றும் ஒரே பக்கம் சாய்வதற்கு வாய்ப்பு 0.0625. அதாவது ஐந்து புற்றும் ஒரே பதிலைச் சொன்னாலும் வழக்கமான 0.05 வரம்புக்குக் கீழே வரவே முடியாது. ஆறு புற்றானால் 0.031. எட்டும் ஒரே பக்கம் என்றால் 0.008, எட்டில் ஏழு என்றால் 0.07. வேறுபாட்டின் அளவையும் பயன்படுத்தும் சோதனைகள் இதைவிடக் கூர்மையானவை. ஆனாலும் இந்தக் கணக்கைக் காட்டுக்குப் போகும் முன் போட்டுவிட்ட மாணவர் ஐந்தாவது புற்றோடு திரும்ப மாட்டார்.

பிழை நுழைய வேறு வாசல்களும் உண்டு. மழை தொடங்கினால் எறும்புகள் சுமையைப் போட்டுவிட்டு ஓடும், அப்போது எண்ணியதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரவில் வெள்ளை விளக்கடித்தால் பாதை குழம்பும், சிவப்பு விளக்கு வேண்டும். பகலில் ஒருவர், இரவில் மற்றொருவர் என்று எண்ணினால் பகலிரவு வேறுபாடும் ஆள் வேறுபாடும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். ஒரு புற்றை இரண்டு வேளையும் ஒரே ஆள் எண்ணுவதே சரி. தொடங்கும் முன் இரண்டு பேரும் ஒரே பாதையை ஐந்து நிமிடம் ஒன்றாக எண்ணி ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை கணிசமாக மாறினால் எது சவாரி என்பதில் இருவருக்கும் ஒரே வரையறை இல்லை என்று பொருள். இலையில் உட்கார்ந்திருப்பது மட்டுமா, அதில் ஏறிக்கொண்டிருப்பதும் சேருமா என்று முதலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

தாய்மரத்தடியில் உயிர்பிழைத்தவை

அடுத்த எடுத்துக்காட்டு இதைவிடச் சிக்கலானது. ஒரே ஹெக்டேரில் இத்தனை மர இனங்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்ற கேள்விக்கு 1970-இல் டேனியல் ஜான்சனும் 1971-இல் ஜோசப் கானலும் தனித்தனியாக ஒரு விடையை முன்வைத்தனர். ஒரு மரத்துக்கென்றே உள்ள பூச்சிகளும் பூஞ்சைகளும் தாய்மரத்தைச் சுற்றிக் குவிந்திருப்பதால், அதன் அடியில் முளைக்கும் கன்றுகள் அதிகம் சாகும், தள்ளி முளைப்பவை பிழைக்கும், இடையில் வேற்று இனங்களுக்கு இடம் கிடைக்கும் என்பது அதன் சாரம். ஜான்சன் 1960-களின் நடுவிலிருந்து ஓ.டி.எஸ். படிப்பில் பாடம் நடத்தியவர். பல தலைமுறை மாணவர்கள் இந்தக் கருதுகோளை ஒரே நாளில் சோதித்துவிட முயன்றிருக்கிறார்கள்.

லா செல்வாவில் இதற்கு விருப்பமான மரம் அல்மென்ட்ரோ. டெபோரா கிளார்க்கும் டேவிட் கிளார்க்கும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, இதன் கன்றுகள் பிழைப்பதில் தாய்மரத்திலிருந்து உள்ள தொலைவுக்கும் கன்றுகளின் நெருக்கத்துக்கும் பங்குண்டு என்று காட்டியது. அவர்கள் கன்றுகளுக்கு அடையாளமிட்டு நீண்ட காலம் தொடர்ந்தவர்கள். ஒரு நாளில் அதைச் செய்ய முயலும் மாணவர் தாய்மரத்திலிருந்து 2, 8, 16, 24 மீட்டரில் ஒரு மீட்டர் சதுரம் போடுவார். முக்கால்வாசிச் சதுரத்தில் ஒரு கன்றும் இருக்காது. பூச்சியங்கள் நிறைந்த தரவில் எதையும் பொருத்த முடியாது. சதுரத்துக்குப் பதில் 2 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளமுள்ள பட்டை போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

அடுத்தது வௌவால். அல்மென்ட்ரோ கனியைப் பழந்தின்னி வௌவால்கள் தூக்கிச்சென்று தங்கள் உணவுத் தங்கலிடத்தில் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். ஆகவே தாய்மரத்திலிருந்து வெகுதொலைவில், ஏதோ ஒரு பனையின் கீழே, கொட்டைகள் குவியலாகக் கிடக்கும். தொலைவு அதிகமானால் நெருக்கம் குறையும் என்ற அனுமானம் அங்கே உடைந்துபோகிறது. இதைத் தடங்கலாக நினைக்க வேண்டியதில்லை. தொலைவும் நெருக்கமும் வழக்கமாக ஒன்றோடொன்று பிணைந்தே வரும், குவியல்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும் இடம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. மாணவர் எண்ணுவது உயிரோடு நிற்கும் கன்றுகளை. முழுதாகத் தின்னப்பட்டுச் செத்த கன்று தடயமே விடாமல் போய்விட்டது. தாய்மரத்தடியில் நிற்பவை, அங்கே நடந்த அழிவில் எப்படியோ தப்பியவை. அவற்றின் இலைச் சேதம் குறைவாக இருந்தால் அங்கே பூச்சி குறைவு என்று முடிவு கட்ட முடியாது. இறப்பைப் பற்றிய கருதுகோளை ஒரு பார்வையில் எடுத்த கணக்கால் சோதிக்க இயலாது என்பதை இரவுப் பேச்சில் யாராவது எழுப்பியே தீர வேண்டும். விதைகளை அடையாளமிட்டு வைத்து மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்ப்பது போன்ற சிறு சோதனைக்குக் கேள்வியை மாற்றினால் ஓரளவு தப்பலாம். இலைச் சேதத்தையே அளப்பதென்றால் முழுதாக விரிந்த இலைகளில் ஆகக் கடைசியாக வந்ததை மட்டும் எடுக்க வேண்டும், பழைய இலையில் சேதம் காலப்போக்கில் சேர்ந்துகொண்டே போகும். கண்மதிப்பை நம்பக் கூடாது. கட்டம் போட்ட ஒளிபுகும் தாளை இலைமேல் வைத்து எண்ணுவதே முறை.

களிமண் புழு

பறவையும் எறும்பும் புழுக்களை எவ்வளவு தாக்குகின்றன என்று அளக்கப் பச்சை நிற பிளாஸ்டிசின் களிமண்ணால் செய்த போலிப் புழுக்களை இலையில் ஒட்டுவார்கள். நீளம் 2.5 முதல் 3 செ.மீ., தடிமன் 3 முதல் 4 மி.மீ. ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை விட்டு எடுத்தால் கடித்தது யார் என்று தடயத்திலிருந்து தெரியும்: பறவை அலகு ஆப்பு வடிவக் குழியையும், எறும்பு, வண்டு போன்றவை நுண்ணிய இரட்டைக் கீறலையும், எலி இணையான பற்கோடுகளையும் விடும். தாமஸ் ரோஸ்லின் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் 2017-இல் இதே முறையில் துருவப்பகுதி முதல் நிலநடுக்கோடு வரை அளந்து, நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கத் தாக்குதல் கூடுகிறது என்றும் அந்தக் கூடுதல் பறவையால் அல்ல, பூச்சி முதலிய கணுக்காலிகளால் என்றும் காட்டினர்.

செலவு குறைவு, அனுமதிச் சிக்கல் இல்லை, உயிர்களுக்குத் தீங்கில்லை. ஆகவே களப்படிப்புகளில் இந்த முறைக்கு நல்ல வரவேற்பு. கெட்டுப்போவது பெரும்பாலும் மாணவர் கையால்தான். நகக்குறி அலகுக் குறியைப் போலவே இருக்கும். புழுக்களை ஒரே பையில் போட்டுக் கொண்டுபோனால் ஒன்றோடொன்று உரசித் தடம் பதியும். எனவே மாத்திரை அட்டைபோல் தனித்தனிக் குழியுள்ள பெட்டியில் எடுத்துப்போய், ஒட்டியவுடன் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, இருக்கும் குறிகளை விரலால் தடவி மழுப்ப வேண்டும். காணாமல் போன புழுவைத் தாக்கப்பட்டதாகச் சேர்ப்பதா விடுவதா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு தீர்மானித்தால் அது நேர்மையான தரவு அல்ல.

ஈரமும் காகிதமும்

கணினியும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளும் பகுப்பாய்வை எளிதாக்கிவிட்டன. தரவு நோட்டு மட்டும் இன்னும் பென்சிலில்தான். பேனா மை லா செல்வாவில் அரை மணி நேரம் தாங்காது. நீர்புகாத் தாள் நல்லது, இல்லையென்றால் தடித்த தாளை ஜிப் வைத்த பையில் போட்டுக்கொள்ளலாம். நிலையத்துக்குத் திரும்பியவுடன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துவிட்டு, அன்றே கணினியில் ஏற்ற வேண்டும். மறுநாள் பார்த்தால் 1 எது, 7 எது என்று எழுதியவருக்கே தெரியாது. ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டச்சு செய்து, பிறகு மாறி மாறிச் சரிபார்ப்பது பத்து நிமிட வேலை. பகுப்பாய்வு முழுவதையும் அதுதான் காப்பாற்றும். கேமரா, தொலைநோக்கி ஆகியவற்றைச் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டியில் வைக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் கண்ணாடியின் உட்புறம் நீர் படியும், வில்லையில் பூஞ்சை பிடிக்கும்.

உயிருக்கு ஆபத்தான விஷயங்களில் தளர்வே கூடாது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் லா செல்வாவில் அழகுக்காக அல்ல. தெர்சியோபெலோ என்று அங்கே அழைக்கப்படும் குழிவிரியன் தரையில் இலைச்சருகோடு சருகாகச் சுருண்டிருக்கும், கடி பெரும்பாலும் காலிலும் கையிலும்தான். கடித்த இடத்தைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் சேதத்தைக் கூட்டும். அசையாமல் வைத்து, விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வழி. நஞ்சுமுறிமருந்தை நாட்டின் க்ளோடோமீரோ பிக்காடோ நிறுவனமே தயாரிக்கிறது. விரியன் வகைகளுக்கு ஒன்று, பவளப்பாம்புக்கு வேறொன்று, ஆகவே எது கடித்தது என்று தெரிந்தால் உதவி. ஆனால் அதைத் தெரிந்துகொள்வதற்காகப் பாம்பைப் பிடிக்கப் போகக் கூடாது. பார்க்காமல் மரத்தைப் பற்றக் கூடாது என்பது அடுத்த விதி. முள்பனைகளும் பாராபோனெரா எறும்பும் அதற்குப் போதுமான காரணம். அந்த எறும்பின் கொட்டு ஒரு நாள் முழுக்க வலிக்கும். காற்று பலமாக அடித்தால் காட்டைவிட்டு வெளியேற வேண்டும், கிளை முறிந்து விழுவது பாம்பைவிடக் குறைத்து மதிப்பிடப்படும் ஆபத்து. மேல்மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஆறு திடீரென்று பெருகும். தனியாகப் போகக் கூடாது, எந்தப் பாதையில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று பலகையில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும்.

படிப்பு முடிந்தபின் வெளிப்படும் நோயும் உண்டு. மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியாசிஸ் புண், வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து ஊருக்குப் போன பிறகுதான் வரும். ஆறாத புண்ணோடு மருத்துவரிடம் போகிறவர், எங்கே இருந்துவந்தோம் என்று சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அது தோன்றவே தோன்றாது. படிப்பின் முதல் நாளும் கடைசி நாளும் இதை எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.

யாருடைய காடு, யாருடைய மொழி

தொடக்க காலத்தில் இந்தப் படிப்புகள் பெரும்பாலும் அமெரிக்கா போன்ற வட நாடுகளிலிருந்து வந்த மாணவர்களுக்காக, ஆங்கிலத்தில் நடந்தவை. காடு கோஸ்ட்டா ரிக்காவினுடையது, பாதை காட்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள், கட்டுரைகளில் பெயர் வந்தது வேறு ஆட்களுடையது. இந்தக் குற்றச்சாட்டு உண்மையானது, சமாளிக்கத் தேவையில்லை. அதைத் திருத்தும் முயற்சிகளும் உண்மையானவை. ஓ.டி.எஸ். ஸ்பானிய மொழியிலும் படிப்பு நடத்தத் தொடங்கியது. பிரேசிலில் மனாஸ் நகருக்கு வடக்கே, காட்டுத் துண்டாக்கத்தை ஆராய தாமஸ் லவ்ஜாய் 1979-இல் தொடங்கிய திட்டத்தின் முகாம்களில், 1990-களிலிருந்து போர்த்துகீசிய மொழியில் ஒரு மாதக் களப்படிப்பு நடக்கிறது. ஒரு நாள் கேள்வி, இரவுப் பேச்சு, அறிக்கைத் தொகுப்பு என்று அதே எலும்புக்கூடு, ஆனால் மாணவர்கள் பிரேசிலியரும் அண்டை நாட்டவரும். கேம்பிரிட்ஜிலிருந்து இயங்கும் வெப்பமண்டல உயிரியல் சங்கம் உகாண்டாவின் கிபாலே, தான்சானியாவின் அமானி போன்ற இடங்களில் நடத்தும் படிப்புகளில் பாதி இடங்களை ஆப்பிரிக்க மாணவர்களுக்கென்று வைத்தது. மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால், பிரேசில் முறை என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. காட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் படிப்பு முடிந்த பிறகும் அங்கேயே இருக்கிறார்கள், தொடர்ந்து அளக்கிறார்கள்.

சட்டமும் மாறிவிட்டது. கோஸ்ட்டா ரிக்காவின் 1998-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் மரபியல் வளங்களை அணுகுவதற்கு அனுமதி பெறுவதைக் கட்டாயமாக்கியது. எட்டு வாரப் படிப்பில், காலையில் தோன்றிய கேள்விக்காக மாலைக்குள் அனுமதி வாங்க முடியாது. ஆகவே உயிர்களைச் சேகரிக்காத, வெட்டாத, நாட்டைவிட்டு எடுத்துப்போகாத கேள்விகளாகவே அமைக்க வேண்டியிருக்கிறது. படிப்புக்கென முன்கூட்டியே பெற்ற அனுமதியில் என்னென்ன அடங்கும் என்பதை ஒருங்கிணைப்பாளர் முதல் நாளே விளக்கிவிட்டால், நடுவில் ஓர் ஆய்வைக் கைவிட நேராது.

ஒரு நாளுக்கு அடங்காதவை

மரங்களின் பிறப்பு இறப்பு வீதம், எல் நீன்யோ ஆண்டுகளின் விளைவு, அரிய இனங்களின் கதி: இவை ஒரு நாளிலோ ஒரு படிப்பிலோ அடங்காது. ஜான்சன், கானல் கருதுகோளையே காடு முழுவதற்குமான அளவில் சோதிக்கப் பெரிய நிரந்தர நிலத்துண்டுகள் தேவைப்பட்டன. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980-களின் தொடக்கத்தில் 50 ஹெக்டேரில், 1 செ.மீ. தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண் தகடு அடித்து அளந்தார்கள். அதே முறையில் முதுமலையில் 50 ஹெக்டேரும் இலங்கையின் சிங்கராஜாவில் 25 ஹெக்டேரும் அளக்கப்பட்டு, இன்று ஒரே உலக வலையமைப்பில் இருக்கின்றன. களப்படிப்பு முடித்த மாணவர் இத்தகைய தரவைக் கையிலெடுக்கும்போது, ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் சேற்றில் நின்று நாடா பிடித்திருக்கிறார் என்பதையும் எங்கே பிழை நுழைந்திருக்கக்கூடும் என்பதையும் அறிந்தவராக இருப்பார்.

ஆனால் சிறு கணக்கெடுப்புகளும் வீணில்லை. 2007-இல் ஸ்டீவன் விட்ஃபீல்டும் உடனாய்வாளர்களும் லா செல்வாவில் இலைச்சருகில் வாழும் தவளைகளும் பல்லிகளும் 35 ஆண்டுகளில் ஏறத்தாழ 75 விழுக்காடு குறைந்துவிட்டதாகக் காட்டினர். வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பேர் தங்கள் வேறு வேலைகளுக்காகச் சதுரம் போட்டு எண்ணிவைத்த கணக்குகளை ஒன்றுசேர்த்ததால்தான் அது தெரிந்தது. தவளையோடு பல்லியும் சேர்ந்து குறைந்ததால், தவளைகளைக் கொன்று பல்லிகளை விட்டுவிடும் பூஞ்சை நோயை மட்டும் காரணம் சொல்ல முடியவில்லை. சருகு சேரும் அளவில் ஏற்பட்ட மாற்றத்தையும் கவனிக்க வேண்டியதாயிற்று.

பழைய கணக்கு இப்படிப் பயன்பட வேண்டுமானால் அதில் சில விவரங்கள் இருந்தாக வேண்டும். களப்படிப்புத் தொகுப்புகள் பலவற்றில் சராசரியும் வரைபடமும் உண்டு, மூலத் தரவு இல்லை. இன்று அதைச் சேர்ப்பதற்குச் செலவே இல்லை. ஒவ்வொரு அறிக்கையோடும் மூலத் தரவு எளிய உரைக் கோப்பாக இணைக்கப்பட வேண்டும். அதில் சதுரத்தின் அளவு, எத்தனை பேர் எவ்வளவு நேரம் தேடினார்கள், தேதி, நேரம், ஜி.பி.எஸ். புள்ளி, அன்றைய மழை, எந்தப் பெயரை எந்த நூலை வைத்து உறுதிசெய்தார்கள், பூச்சியமாக வந்த சதுரங்கள் எவை என்று இருக்க வேண்டும். பூச்சியங்களைத்தான் மாணவர்கள் முதலில் நீக்குகிறார்கள். ஒன்றும் கிடைக்காத சதுரத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டால், பின்னாளில் ஒப்பிடுபவர் அன்றைய அடர்த்தியைக் கூடுதலாகக் கணக்கிட்டு, நடக்காத சரிவை நடந்ததாகச் சொல்லிவிடுவார். கோப்பை நிலையத்தின் தரவுக் களஞ்சியத்தில் ஒப்படைத்து, இன்னொரு குழு அதைத் திறந்து படித்துப் புரிகிறது என்று சொன்ன பிறகே அறிக்கைக்கு மதிப்பெண் தருவது என்று ஒருங்கிணைப்பாளர் வைத்துக்கொண்டால் இது தானே நடக்கும்.